செத்துப்போன சட்டத்துல எஃப்ஐஆர்: இன்னைக்கு அமல்ல இருக்கற சட்டம் எதுன்னு எப்படித் தெரியும்?

(எபிசோடின் எழுத்து வடிவம். பேச்சு நடை கொஞ்சம் அப்படியே இருக்கட்டும் என்று விட்டிருக்கிறோம். திரும்பத் திரும்ப வந்த இடங்களை மட்டும் சுருக்கியிருக்கிறோம்.)

இன்னைக்கு எபிசோட் ஒரு கேள்வியில இருந்து ஆரம்பிக்குது. நீங்க ஃபேஸ்புக்ல ஒரு போஸ்ட் போடறீங்க. அதுக்காக உங்க மேல எஃப்ஐஆர் போடறாங்க. ஸ்டேஷனுக்குப் போறீங்க, வக்கீல் வைக்கறீங்க, வாய்தா வாய்தாவா அலையறீங்க. ஆனா அந்த எஃப்ஐஆர்ல எழுதியிருக்கற சட்டப்பிரிவு செல்லாதுன்னு உச்ச நீதிமன்றம் பல வருஷத்துக்கு முன்னாடியே சொல்லிடுச்சு. அதாவது, நீங்க செஞ்சதா சொல்ற அந்தக் குற்றமே நாட்டுல கிடையாது.

இது கற்பனை இல்லை, நடந்தது. ஒரு ஆளுக்கு மட்டும் நடந்ததும் இல்லை.

தகவல் தொழில்நுட்பச் சட்டம் 2000. அதில் 66ஏ என்று ஒரு பிரிவு, 2008-ல் திருத்தம் மூலமாக உள்ளே வந்தது. இணையத்தில் 'எரிச்சலூட்டும்' வகையில், 'அசௌகரியம்' தரும் வகையில் ஏதாவது அனுப்பினால் மூன்று வருடம் வரை சிறை. எரிச்சல்னா என்ன? யாருக்கு எரிச்சல்? அதுக்கு அந்தப் பிரிவுல பதிலே கிடையாது. 2012-ல் புதுச்சேரியில் ஒரு தொழிலதிபர், ஓர் அரசியல் குடும்பத்தைப் பற்றிப் போட்ட ட்வீட்டுக்காக இந்தப் பிரிவில் கைதானார். அடுத்த மாதமே மகாராஷ்டிராவில், மும்பை பந்த் பற்றி எழுதிய ஃபேஸ்புக் பதிவுக்காக இரண்டு இளம்பெண்கள் கைதானார்கள். விஷயம் உச்ச நீதிமன்றத்துக்குப் போனது. ஷ்ரேயா சிங்கல் வழக்கு என்று சொல்வார்களே, அதுதான். 2015 மார்ச் 24-ம் தேதி, 66ஏ அரசியலமைப்புக்கு எதிரானது என்று சொல்லி நீதிமன்றம் அதை முழுசாக ரத்து செய்தது.

கதை அங்கேயே முடிஞ்சிருக்கணும், முடியலை. 2021-ல் பியுசிஎல் அமைப்பு உச்ச நீதிமன்றத்தில் ஒரு கணக்கு கொடுத்தது. அந்த வருடம் மார்ச் நிலவரப்படி, 11 மாநிலங்களின் மாவட்ட நீதிமன்றங்களில் 66ஏ பிரிவின் கீழ் 745 வழக்குகள் இன்னும் நிலுவையில் இருக்கின்றன என்றது. ரத்தாகி ஆறு வருடம் கழித்து! நீதிபதிகளே அதிர்ச்சியாக இருக்கிறது என்றார்கள்.

அன்னைக்கு அட்டர்னி ஜெனரலா இருந்த கே.கே. வேணுகோபால் கோர்ட்ல சொன்ன காரணம்தான் எனக்கு இந்த எபிசோட் பண்ணணும்னு தோண வச்சது. அவர் சொன்னதோட சாரம் இதுதான்: சட்டப் புத்தகத்தில் 66ஏ பிரிவு இன்னும் அப்படியே அச்சாகி வருகிறது. அது ரத்தான விஷயம் கீழே அடிக்குறிப்பில் சின்ன எழுத்தில் மட்டும் இருக்கிறது. வழக்குப் பதிவு செய்கிற போலீஸ்காரர் பிரிவைப் பார்க்கிறார், அடிக்குறிப்பைப் பார்ப்பதில்லை.

ஒருத்தரோட சுதந்திரம் ஒரு அடிக்குறிப்போட ஃபாண்ட் சைஸ்ல தொங்கிட்டு இருந்திருக்கு. சட்டத்தைச் சரியாகத் தொகுத்து வைப்பது, அப்டேட் செய்து வைப்பது எல்லாம் நூலகர் வேலை மாதிரி, கொட்டாவி வரவைக்கும் விஷயம் மாதிரித் தெரியும். ஆனா அந்த வேலையை ஒழுங்கா செய்யலைன்னா யாரோ ஒருத்தர் ஜெயிலுக்குப் போறாங்க. இன்னைக்கு நான் பேச வந்தது இதைத்தான்.

ரத்து வேற, நீக்கம் வேற

முதல்ல ஒரு அடிப்படை. நீதிமன்றம் ஒரு பிரிவை 'செல்லாது' என்று சொன்னால், அந்தப் பிரிவுக்கு உயிர் போய்விடும். ஆனால் எழுத்து அங்கேயேதான் இருக்கும். எழுத்தை எடுக்கும் அதிகாரம் நாடாளுமன்றத்துக்குத்தான். நாடாளுமன்றம் தனியாக ஒரு திருத்தச் சட்டம் போட்டு நீக்காதவரை, அந்த வரிகள் சட்டத்தின் உடம்பில் ஒட்டிக்கொண்டே இருக்கும்.

இந்தியத் தண்டனைச் சட்டத்தில் 303-வது பிரிவு அப்படித்தான் இருந்தது. ஆயுள் தண்டனைக் கைதி கொலை செய்தால் மரண தண்டனை மட்டும்தான், வேறு தண்டனைக்கே இடமில்லை என்று சொன்ன பிரிவு. 1983-ல் உச்ச நீதிமன்றம் அதை ரத்து செய்தது. ஆனால் அந்தத் தண்டனைச் சட்டமே 2024 ஜூலை 1-ம் தேதி விடைபெறும் வரை, 41 வருடம், 303 என்ற எண்ணும் வாசகமும் புத்தகத்தில் இருந்தன.

சட்டம் ஒரு ஆப் மாதிரி, ஆனா அப்டேட் மட்டும்தான் வரும்

சரி, ஒரு சட்டத்தை எப்படித் திருத்தறாங்க? முழுச் சட்டத்தையும் புதுசா எழுதி வெளியிடறாங்கன்னு நினைச்சா, அது இல்லை.

நம்ம எல்லாருக்கும் சம்பந்தப்பட்ட ஒரு உதாரணம் எடுத்துக்கலாம்: கிராஜுவிட்டி, பணிக்கொடை. 1972-ல் வந்த சட்டம். ஒருவருக்கு அதிகபட்சம் எவ்வளவு கிராஜுவிட்டி என்பதற்கு அதில் ஒரு உச்சவரம்பு இருந்தது. 2010-ல் அதைத் திருத்தினார்கள். அந்தத் திருத்தச் சட்டத்தைப் படித்தால் கிராஜுவிட்டி என்றால் என்ன, யாருக்குக் கிடைக்கும், எதுவுமே தெரியாது. இந்தப் பிரிவில் 'மூன்று லட்சத்து ஐம்பதாயிரம் ரூபாய்' என்ற சொற்களுக்குப் பதிலாக 'பத்து லட்சம் ரூபாய்' என்று வைத்துக்கொள்ளுங்கள் என்று சொல்லும். விஷயம் அவ்வளவுதான்.

உங்க போன்ல ஒரு ஆப் இருக்குன்னு வைங்க. கம்பெனி உங்களுக்கு முழு ஆப்பைத் தரவே தராது. 1972-ல குடுத்த வெர்ஷன் ஒண்ணு, அதுக்கப்புறம் வந்த ஒவ்வொரு பேட்ச் ஃபைலும் தனித்தனியா. நீங்களே உக்காந்து வரிசையா ஒட்டிக்கணும். நடுவுல ஒண்ணு விட்டுப்போனா, உங்க கையில இருக்கறது தப்பான ஆப். சட்டத்தோட நிலைமையும் இதுதான்.

கிராஜுவிட்டி கதை இன்னும் முடியலை. 2018-ல் இன்னொரு திருத்தம். இந்தத் தடவை தொகையையே சட்டத்திலிருந்து எடுத்துவிட்டு, மத்திய அரசு அறிவிக்கும் தொகை என்று மாற்றினார்கள். பிறகு 2018 மார்ச் 29-ல் அரசிதழில், அதாவது கெஜட்டில், ஒரு அறிவிப்பு வந்தது: உச்சவரம்பு 20 லட்சம். ஆக, 2018-க்குப் பிறகு சட்டத்தை முழுசாக, சரியாக, கடைசித் திருத்தம் வரைக்கும் படித்தாலும் தொகை கிடைக்காது. கெஜட்டைத் தேட வேண்டும்.

சட்டம், திருத்தம், விதிகள், அறிவிப்பு, தீர்ப்பு. இந்த ஐந்தும் ஐந்து இடத்தில் இருக்கின்றன. இவற்றை எல்லாம் சேர்த்தால்தான் 'இன்றைய சட்டம்'. இதையெல்லாம் வக்கீல்கள் காசு கொடுத்து வாங்கும் தனியார் டேட்டாபேஸ்கள் சேர்த்து வைக்கின்றன. பெரிய கம்பெனியின் சட்டப் பிரிவிடம் அது இருக்கும். வேலையை விட்டு நின்ற ஒரு பையனிடமோ, ஒரு காவல் நிலைய எழுத்தரிடமோ இருக்குமா?

அம்பது ரூபாய் அபராதம், இருபத்தெட்டு வருஷ ரகசியம்

'சட்டம் தெரியாதுன்னு சொல்லித் தப்பிக்க முடியாது.' இந்த டயலாக்கை நாம எல்லாரும் கேட்டிருக்கோம். நியாயமும்தான். இல்லைன்னா ஆளாளுக்கு 'எனக்குத் தெரியாது சார்'னு போயிடுவாங்க. ஆனா அந்த விதிக்கு ஒரு மறுபக்கம் இருக்கணும் இல்லையா? தெரிஞ்சுக்கோன்னு சொல்ற அரசு, தெரிஞ்சுக்கற மாதிரி வைக்கணும்.

இதை நம் உச்ச நீதிமன்றம் தன்னுடைய ஆரம்ப காலத்திலேயே சொல்லியிருக்கிறது. ஹர்லா வழக்கு, 1951. ஜெய்ப்பூர் சமஸ்தானத்தில் 1923 டிசம்பரில் அமைச்சர் குழு கூடி, ஜெய்ப்பூர் அபின் சட்டம் என்று ஒன்றைத் தீர்மானமாக நிறைவேற்றியது. நிறைவேற்றியதோடு சரி. கெஜட்டில் போடவில்லை. வேறு எந்த வகையிலும் மக்களுக்குச் சொல்லவும் இல்லை. 1948-ல் அளவுக்கு மேல் அபின் வைத்திருந்தார் என்று ஹர்லா என்பவரை இந்தச் சட்டத்தின் கீழ் தண்டித்து 50 ரூபாய் அபராதம் போட்டார்கள்.

வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனது. நீதிபதி விவியன் போஸ் எழுதிய தீர்ப்பின் கருத்து எளிமையானது: யாருக்கும் தெரியாமல், யாரும் தெரிந்துகொள்ளவே வழியில்லாமல், ஒரு அறைக்குள் எடுத்த முடிவை வைத்து ஒருவரைத் தண்டிப்பது இயற்கை நீதிக்கு விரோதம். ஊரறிய வெளியிட்டால்தான் அது சட்டம். ஹர்லாவின் தண்டனை ரத்தானது.

1951 தீர்ப்பு பேசியது வெளியிடாத சட்டத்தைப் பற்றி. இன்றைக்கு எல்லாமே வெளியாகிறது. கெஜட் இணையத்திலேயே வருகிறது. ஆனால் நாற்பது துண்டாக, நாற்பது இடத்தில் வெளியிட்டால், அது வெளியிட்ட மாதிரிதானா? என் பார்வையில் ஹர்லா வழக்கின் கேள்வி இங்கேதான் திரும்பவும் எழுகிறது.

அரசாங்கத்துக்காவது தெரியுமேன்னு நினைப்பீங்க. அங்கேயும் ஒரு கதை இருக்கு, ஆனா அது அமெரிக்காவுல நடந்தது.

1933, பொருளாதார மந்தம். எண்ணெய் உற்பத்தியைக் கட்டுப்படுத்த ரூஸ்வெல்ட் அரசு ஒரு பெட்ரோலிய விதித்தொகுப்பு கொண்டுவருகிறது. டெக்சாஸில் அனுமதிக்கு மேல் எண்ணெய் எடுத்தவர்கள் மேல் நடவடிக்கை பாய்கிறது. விஷயம் உச்ச நீதிமன்றம் வரை போகிறது. அந்தக் கட்டத்தில்தான் அரசுத் தரப்பே கவனிக்கிறது: எந்த வாசகத்தை மீறினால் குற்றம் என்று சொன்னார்களோ, அந்த வாசகமே விதித்தொகுப்பில் இல்லை. 1933 செப்டம்பரில் ஒரு திருத்தம் போட்டபோது தவறுதலாக அடிபட்டுப் போயிருக்கிறது. ஒரு வருடம் இல்லாத சட்டத்தை வைத்து அரசாங்கம் மிரட்டிக்கொண்டிருந்தது. எண்ணெய்க் கம்பெனியின் வக்கீல், இந்த விதித்தொகுப்பின் ஒரே ஒரு பிரதியைத்தான் பார்த்தேன், அதுவும் வாஷிங்டனிலிருந்து வந்த அரசு அதிகாரியின் பேன்ட் பின் பாக்கெட்டில் என்று நீதிமன்றத்தில் சொன்னார். அந்த அவமானம் வேலை செய்தது. 1935-லேயே சட்டம் போட்டு, அரசின் எல்லா விதிகளும் ஒரே இடத்தில் வெளியாகும் ஃபெடரல் ரெஜிஸ்டர் என்ற இதழை உருவாக்கினார்கள். முதல் இதழ் 1936 மார்ச்சில் வந்தது.

மூணு வேலை, ஒரே பேரு

இப்போ தீர்வுப் பக்கம் வருவோம். 'சட்டங்களை ஒழுங்குபடுத்தறோம்'னு ஒரு அரசு சொன்னா, அதுக்குள்ள மூணு வேற வேற வேலை ஒளிஞ்சிருக்கு. இதைப் பிரிச்சுப் பாக்கத் தெரிஞ்சா நியூஸ் படிக்கும்போது பெரிய உபகாரம்.

முதல் வேலை, தொகுத்தல். மூலச் சட்டத்தில் எல்லாத் திருத்தங்களையும் ஒட்டி, இன்றைய தேதி வாசகத்தைக் கொடுப்பது. ஒரு எழுத்துகூட அர்த்தம் மாறக்கூடாது. நம் ஊரில் மத்திய சட்ட அமைச்சகத்தின் 'இந்தியா கோட்' இணையதளம் செய்ய முயல்வது இதைத்தான். இதையே அதிகாரபூர்வமாக, முழுசாகச் செய்த நாடு சிங்கப்பூர். அங்கே சட்டத்தைத் திருத்திப் பதிப்பிக்க ஆணையர்கள் இருக்கிறார்கள். பழைய நடையைச் சுலபமாக்கலாம், வரிசையைச் சரிசெய்யலாம், ஆனால் பொருளை மாற்றக்கூடாது என்பது அவர்களுக்கான எல்லைக்கோடு. நாட்டின் எல்லாச் சட்டங்களுக்கும் சேர்த்து '2020 திருத்திய பதிப்பு' என்று ஒன்றைத் தயாரித்து, 2021 டிசம்பர் 31-ல் அமலுக்குக் கொண்டுவந்தார்கள். இணையத்தில் யார் வேண்டுமானாலும் இலவசமாகப் படிக்கலாம்.

இரண்டாவது வேலை, களையெடுத்தல். செத்த சட்டங்களை முறைப்படி அடக்கம் செய்வது. 2014-ல் மத்திய அரசு அமைத்த ராமானுஜம் குழு, அப்போது கணக்கில் இருந்த 2,781 மத்தியச் சட்டங்களில் 1,741-ஐ நீக்கலாம் என்றது. கங்கையில் போகும் படகுக்கு 12 அணா வரை சுங்கம் வாங்கும் 1867-ம் வருடச் சட்டம் எல்லாம் அந்த மாதிரிப் பட்டியல்களில் இருந்தன. அதுக்கப்புறம் 1,500-க்கும் மேற்பட்ட சட்டங்களை நாடாளுமன்றம் நீக்கியிருக்கிறது. 'ஆயிரத்து ஐந்நூறு சட்டம் போச்சா!'னு மலைக்க வேண்டாம். அதில் பெரும்பகுதி, வேலை முடிந்துபோன திருத்தச் சட்டங்கள், பழைய நிதி ஒதுக்கீட்டுச் சட்டங்கள். ஒட்டி முடிச்ச பேட்ச் ஃபைல்களை டெலீட் பண்ற மாதிரி. நல்ல வேலைதான். ஆனா உங்களுக்குத் தேவையான சட்டம் இன்னைக்கு எதுன்னு தெரிஞ்சுக்க அது மட்டும் உதவாது.

மூன்றாவது வேலை, ஒருங்கிணைத்தல். ஒரே விஷயத்தைப் பற்றிப் பல சட்டங்கள் இருந்தால், அவற்றைச் சேர்த்து ஒரே சட்டமாக எழுதுவது. இங்கேதான் நாம கண்ணைத் திறந்து வச்சுக்கணும்.

29 சட்டம், 4 சட்டமானது

தொழிலாளர் சட்டங்களைப் பாருங்க. 29 மத்தியச் சட்டங்களை நான்கு தொகுப்புகளாக மாற்றியிருக்கிறார்கள். ஊதியத் தொகுப்பு 2019-ல் நிறைவேறியது. தொழில் உறவுகள், சமூகப் பாதுகாப்பு, பணியிடப் பாதுகாப்பு மூன்றும் 2020-ல். நாலு, மூணு, ஒன்பது, பதிமூணு என்று பழைய சட்டங்கள் இந்த நாலுக்குள்ளும் போயின.

இதோட நல்ல பக்கத்தை முதல்ல சொல்லிடறேன். 'சம்பளம்' என்ற ஒரே வார்த்தைக்குப் பழைய சட்டங்களில் ஆளுக்கொரு விளக்கம் இருந்தது. குறைந்தபட்ச ஊதியச் சட்டத்தில் ஒன்று, போனஸ் சட்டத்தில் ஒன்று, கிராஜுவிட்டி சட்டத்தில் இன்னொன்று. உங்க பே ஸ்லிப்ல பேசிக் சின்னதா, அலவன்ஸ் பெருசா இருக்கறதைப் பாத்திருப்பீங்க. அடிப்படைச் சம்பளத்தை வைத்துக் கணக்கிடும் சலுகைகள் எல்லாம் அதனால் குறையும். புதுத் தொகுப்புகளில் நான்குக்கும் ஒரே விளக்கம். விலக்கு பெற்ற அலவன்ஸ்கள் மொத்த ஊதியத்தில் பாதியைத் தாண்டினால், தாண்டின பகுதி சம்பளமாகவே கணக்கில் வரும். குறிப்பிட்ட கால ஒப்பந்தத்தில் வேலை பார்ப்பவருக்கு கிராஜுவிட்டிக்கு ஐந்து வருடம் காத்திருக்க வேண்டியதில்லை, ஒரு வருடத்திலேயே தகுதி உண்டு. ஒருங்கிணைப்பு ஒழுங்கா நடந்தா என்ன கிடைக்கும்ங்கறதுக்கு இது நல்ல உதாரணம்.

இப்போ அடுத்த பக்கம். 100 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் தொழிற்சாலை ஆட்குறைப்பு செய்யவோ மூடவோ அரசின் முன் அனுமதி வேண்டும் என்பது பழைய விதி. புதுத் தொகுப்பில் அந்த எண் 300. இது சரியா தப்பா என்று தொழிற்சங்கங்களும் முதலாளிகள் சங்கங்களும் வருடக்கணக்கில் மோதியிருக்கின்றன. நான் இங்கே தீர்ப்பு சொல்ல வரலை. நான் சொல்றது வேற: 100-ஐ 300 ஆக்கறது தொகுத்தல் இல்லை, அது கொள்கை முடிவு. 'சிதறிக் கிடந்ததை ஒண்ணா சேர்த்தோம், அவ்வளவுதான்'ங்கற வாக்கியத்துக்குள்ள அது ஒளிஞ்சுக்கக் கூடாது. ஒரு ஒருங்கிணைப்புச் சட்டம் வரும்போது, எது இடம் மாறியது, எது பொருள் மாறியது என்று இரண்டு நெடுவரிசை போட்டுக் கேட்க வேண்டியது நம் வேலை.

இன்னொன்று, தேதி. 2019-ல் நிறைவேறிய ஊதியத் தொகுப்பு அமலுக்கு வந்தது 2025 நவம்பர் 21-ல். மற்ற மூன்றும் அதே நாளில். நடுவில் அந்த ஐந்தாறு வருடமும் சட்டம் இணையத்தில் முழுசாக இருந்தது, ஜனாதிபதி ஒப்புதலும் இருந்தது, ஆனால் நடைமுறையில் பழைய சட்டம்தான். 'புது லேபர் லா வந்துடுச்சு'னு அந்தக் காலத்துல வந்த வாட்ஸ்அப் ஃபார்வர்டுகளுக்குக் கணக்கே இல்லை. வந்தது நிஜம், அமலாகலைங்கறதும் நிஜம்.

ஃபோர் ட்வென்ட்டி இனி த்ரீ எய்ட்டீன்

ஒருங்கிணைப்புன்னு பேசினா மெக்காலேயைத் தாண்டிப் போக முடியாது. கல்வி விஷயத்துல அவரைத் திட்டறவங்க நிறைய. ஆனா சட்டத் தொகுப்புல அவர் பேர் வேற காரணத்துக்காக நிக்குது. 1830-களில் இந்தியாவில் கிரிமினல் சட்டம் என்பது கதம்பம். ஒவ்வொரு மாகாணத்துக்கும் தனி ஒழுங்குவிதிகள், அதன் மேல் இஸ்லாமியக் குற்றவியல் சட்டத்தின் மிச்சம், நகரங்களில் ஆங்கிலேயச் சட்டம். மெக்காலே தலைமையிலான முதல் சட்ட ஆணையம் 1837-ல் ஒரே தண்டனைச் சட்டத்தின் வரைவைக் கொடுத்தது. அது சட்டமானது 1860-ல், அமலானது 1862-ல்.

அந்தச் சட்டம் நம்ம பேச்சுலயே கலந்துபோச்சு. ஏமாத்துக்காரனை '420'னு சொல்றது 420-வது பிரிவால்தான். 2024 ஜூலை 1 முதல் அந்த இடத்தில் பாரதிய நியாய சன்ஹிதா. 511 பிரிவுகள் இருந்த இடத்தில் 358. ஏமாற்றிப் பொருளைப் பறிப்பது இப்போது 318(4). கொலைக்கான தண்டனை 302 இல்லை, 103.

எண் மாறினா என்ன பெரிய விஷயம்? நூற்றறுபது வருடத் தீர்ப்புகள் பழைய எண்களோடு கட்டப்பட்டிருக்கின்றன. வாசகம் மாறாத இடத்தில் பழைய தீர்ப்பு வழிகாட்டும். ஒரு சொல் மாறின இடத்தில் 'இது புது அர்த்தமா, பழைய அர்த்தமா' என்று புதிதாக வழக்கு நடக்கும். அதோடு, 2024 ஜூன் 30-ல் நடந்த குற்றத்துக்குப் பழைய சட்டம், மறுநாள் நடந்ததற்குப் புதியது. அடுத்த பல வருடங்களுக்கு நம் நீதிமன்றங்கள் இரண்டு புத்தகத்தையும் பக்கத்தில் வைத்துக்கொண்டுதான் ஓடும். புதுசா எழுதறதாலேயே தெளிவு வந்துடாது. தெளிவுக்காகக் குடுக்கற விலையும் அதுல அடக்கம்.

இது யாரோட வேலை?

பெங்களூரு தேசியச் சட்டப் பள்ளி மாணவர் ஒருவர், 1872-ம் வருட இந்தியக் கிறிஸ்தவத் திருமணச் சட்டத்தின் இன்றைய வாசகத்தைத் தேடினார். அரசு இணையதளத்தில் ஒழுங்காகக் கிடைக்கவில்லை. ஆர்டிஐ போட்டார். விஷயம் மத்தியத் தகவல் ஆணையம் வரை போனது. 2015-ல் ஆணையம் சொன்னது, மக்கள் கீழ்ப்படிய வேண்டிய சட்டத்தை அப்டேட்டாக, படிக்கிற மாதிரி வைப்பது அரசின் கடமை என்று. அரசு செய்யும் தயவு இல்லை, கடமை. இந்த வித்தியாசம் முக்கியம்.

மொழி விஷயமும் இதுல இருக்கு. மத்தியச் சட்டங்களைத் தமிழில் மொழிபெயர்த்து, ஜனாதிபதியின் அதிகாரத்தின் கீழ் வெளியிட்டால், அதை அதிகாரபூர்வமான தமிழ் வாசகமாக எடுத்துக்கொள்ள 1973-லேயே ஒரு சட்டம் வழி செய்திருக்கிறது. ஆனால் ஆங்கிலத்தில் வரும் ஒவ்வொரு திருத்தமும் தமிழிலும் ஏறினால்தான் அந்த மொழிபெயர்ப்புக்கு உயிர் உண்டு. பத்து வருடப் பழைய தமிழ் வாசகத்தை நம்பி ஒருவர் முடிவெடுத்தால், அது அவரைக் காப்பாற்றாது.

66ஏ விஷயத்துக்கு என்ன ஆச்சுன்னு சொல்லிடறேன். 2021 ஜூலையில் உள்துறை அமைச்சகம் மாநிலங்களுக்கு எழுதி, இந்தப் பிரிவில் வழக்குப் போடாதீர்கள் என்றது. 2022 அக்டோபர் 12-ல் உச்ச நீதிமன்றம் தெளிவாக உத்தரவிட்டது: இனி யார் மேலும் 66ஏ கீழ் வழக்கு நடத்தக்கூடாது. அந்த உத்தரவில் இன்னொரு வரியும் உண்டு. இந்தச் சட்டத்தை வெளியிடும் எந்தப் பதிப்பாக இருந்தாலும், அரசோ தனியாரோ, 66ஏ பிரிவை அச்சடித்தால் அது செல்லாது என்பது வாசகருக்குப் போதுமான அளவு தெரியும்படி இருக்க வேண்டும். நாட்டின் உச்ச நீதிமன்றம் ஒரு புத்தகத்தை எப்படி எடிட் பண்ணணும்னு உத்தரவு போட வேண்டிய நிலை. ரத்து செஞ்சு ஏழரை வருஷத்துக்கு அப்புறம்.

சரி, நாம எப்படிப் பாக்கறது?

நாளைக்கே ஒரு சட்டப்பிரிவு உங்க வாழ்க்கைக்குள்ள வந்தா, ஒரு நோட்டீஸோ, ஒரு ஃபார்வர்டோ, ஹெச்ஆர் அனுப்பின மெயிலோ, இந்த அஞ்சையும் கேளுங்க.

ஒன்று, வாசகம். 'இந்தியா கோட்' தளத்தில் அந்தச் சட்டத்தைத் திறந்து பிரிவைப் படியுங்கள். அடிக்குறிப்போடு சேர்த்து.

இரண்டு, அமல் தேதி. சட்டத்தின் முதல் பிரிவையே பாருங்கள். 'அரசு அறிவிக்கும் தேதியில் நடைமுறைக்கு வரும்' என்று இருந்தால், அந்த அறிவிப்பு கெஜட்டில் வந்துவிட்டதா என்று தேட வேண்டும். சில சமயம் பாதிப் பிரிவுகள் அமலில் இருக்கும், மீதி இருக்காது.

மூன்று, விதிகளும் அறிவிப்புகளும். 'வகுத்துரைக்கப்பட்டவாறு', 'அறிவிக்கப்படும் தொகை' என்ற சொற்கள் கண்ணில் பட்டால், உண்மையான எண் வேறு எங்கேயோ இருக்கிறது என்று அர்த்தம்.

நான்கு, தீர்ப்பு. அந்தப் பிரிவை உயர் நீதிமன்றமோ உச்ச நீதிமன்றமோ ரத்து செய்திருக்கிறதா, அல்லது அதன் எல்லையைச் சுருக்கியிருக்கிறதா?

ஐந்து, சம்பவ தேதி. உங்கள் விஷயம் நடந்த அன்றைக்கு எந்தச் சட்டம் அமலில் இருந்தது?

இந்த அஞ்சுக்கும் பதில் தேடி முடிக்கறதுக்குள்ள உங்களுக்கே ஒண்ணு புரியும். இவ்வளவையும் ஒரு தனி மனுஷன் செய்ய வேண்டியிருக்குன்னா, யாரோ செய்ய வேண்டிய வேலையைச் செய்யாம விட்டிருக்காங்க. பிரிவுக்குப் பக்கத்துலயே 'இது செல்லாது', 'இது இன்னும் அமலாகலை', 'தொகை இந்த அறிவிப்புல இருக்கு'ன்னு எழுதி வைக்கறதுக்கு ராக்கெட் தொழில்நுட்பம் தேவையில்லை. பொறுப்பான ஒரு அலுவலகம், போதுமான ஆட்கள், திருத்தம் வந்த அன்னைக்கே வாசகத்தை மாத்தணும்ங்கற ஒரு விதி, இவ்வளவு போதும்.

இதுக்காக ஓட்டு கேட்டு யாரும் உங்க தெருவுக்கு வரமாட்டாங்க. அதனால நாமதான் கேக்கணும். உங்க தொகுதி எம்.பி.யை எங்கேயாவது பாத்தா, ரோடு, தண்ணியோட சேர்த்து இதையும் ஒரு வரி கேட்டு வைங்க.

உங்க சொந்த அனுபவத்துல 'இந்தச் சட்டம் இப்போ இருக்கா இல்லையா'ன்னு குழம்பின இடம் ஏதாவது இருந்தா எழுதி அனுப்புங்க. வர்ற கேள்விகளை வச்சு ஒரு எபிசோட் பண்ணலாம்னு இருக்கேன். இப்போதைக்கு விடை பெறறேன்.